பன்னிரண்டு படுக்கைகள்

எங்க ஊர் வடுகபட்டி. பெரியகுளத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. வெள்ளைப்பூண்டுச் சந்தை என்று சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியும். வைரமுத்து வளர்ந்த ஊர் என்று சொன்னால் மீதிப் பேருக்கும் தெரிந்துவிடும். ஹாஸ்டலில் என்னைப் பூண்டு என்று கூப்பிடுவதற்கும் இதுதான் காரணம்.

என் அப்பத்தா முப்பது வருஷம் பூண்டு மண்டியில் வேலை பார்த்தவங்க. தாள் அறுத்து, தரம் பிரிச்சு, மூட்டை பிடிக்கிற வேலை. நான் இரண்டாம் வருஷம் படிக்கும்போது அவங்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்று தெரிந்தது. தெரியும்போதே ரொம்ப முற்றியிருந்தது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கரண்ட் வச்சாங்க. கொஞ்ச நாள் நல்லா இருந்தாங்க. அப்புறம் மறுபடியும் படுத்தாங்க. கடைசியில் ஒரு நாள், இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க என்று சொல்லி டிஸ்சார்ஜ் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சீட்டில் இருந்தது சாதாரண வலி மாத்திரை. காய்ச்சலுக்கு நாம் போடுவோமே, அதேதான்.

அந்த மாத்திரை அப்பத்தாவின் வலிக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. ராத்திரி ரெண்டு மணிக்கு அவங்க அரற்றுவது தெருக்கோடி வரை கேட்கும் என்று அம்மா போனில் சொல்வார். லீவுக்குப் போயிருந்தபோது நானே கேட்டேன். எங்க வீட்டில் யாருக்கும் டாக்டர் மேல் கோபமில்லை. அவர் சொன்னது சரி என்றுதான் நினைத்தோம். நோய் தீராது என்றால் வலியும் தீராது என்று நாங்களாகவே முடிவு செய்துகொண்டோம்.

இந்த இதழுக்கு மறைந்த பெரியவர் ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தரச் சொன்னார்கள். நான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைத் தேர்ந்தெடுத்தேன். ஏன் என்று போகப்போகப் புரியும்.

புதுக்கோட்டைப் பெண்

முத்துலட்சுமி 1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டையில் பிறந்தார். அப்பா நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் முதல்வர். அம்மா சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். அப்படி ஒரு குடும்பத்துப் பெண்ணை அந்தக் காலத்து ஊர் எப்படிப் பார்த்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

படிப்பில் கெட்டி. மெட்ரிகுலேஷன் முடித்ததும் அப்பா முதல்வராக இருந்த கல்லூரியிலேயே சேர நினைத்தார். ஆண்கள் மட்டும் படித்த கல்லூரி அது. ஒரு பெண் உள்ளே வந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று எதிர்ப்பு வந்தது. புதுக்கோட்டை மன்னர் அனுமதி கொடுத்த பிறகுதான் இடம் கிடைத்தது. 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-இல் பல பரிசுகளோடு பட்டம் வாங்கினார். எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் முதல் பெண் ஹவுஸ் சர்ஜனாகச் சேர்ந்தவரும் அவரே.

1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் வேலைக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்ற நிபந்தனையைச் சொல்லிவிட்டுத்தான் சம்மதித்தார். ப்ராக்டிஸ், வீடு, இரண்டு பிள்ளைகள் என்று ஒரு வெற்றிகரமான டாக்டராக அவர் வாழ்க்கை இப்படியே போயிருக்கலாம்.

1923

அந்த வருஷம் அவருடைய தங்கை இறந்துபோனார். மலக்குடலில் புற்றுநோய். சின்ன வயது.

அந்தத் தங்கையின் கடைசி நாட்கள் எப்படிப் போயிருக்கும் என்று நான் கற்பனை செய்து எழுதப் போவதில்லை. அந்த நோயைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அக்கா டாக்டர், அத்தான் டாக்டர். மதராஸ் மாகாணத்தில் அன்றைக்கு இருந்த நல்ல மருத்துவமனைகள் எல்லாம் எட்டுகிற தூரம். அப்படி இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. வீட்டில் ஒரு டாக்டர் இருந்தே இந்தக் கதி என்றால், இல்லாத வீட்டில் என்ன நடக்கும் என்ற கேள்வி அவரை விடவில்லை.

1925-இல் அரசு உதவியோடு மேற்படிப்புக்காக லண்டன் போனார். பெண்கள், குழந்தைகள் மருத்துவம் படிக்கப் போனவர், அங்கே புற்றுநோய்க்கென்றே தனியாக நடந்த மருத்துவமனையையும் பார்த்தார். இன்றைக்கு ராயல் மார்ஸ்டன் என்று பெயர். அந்த மருத்துவமனைக்கும் ஒரு கதை உண்டு. வில்லியம் மார்ஸ்டன் என்ற டாக்டரின் மனைவி 1846-இல் புற்றுநோயில் இறந்தார். தன்னால் எதுவும் செய்ய முடியவில்லை என்ற வேதனையில் அவர் 1851-இல் தொடங்கிய இடம் அது. தங்கையைப் பறிகொடுத்த டாக்டர், மனைவியைப் பறிகொடுத்த டாக்டர் கட்டிய ஆஸ்பத்திரியில் நின்றிருக்கிறார். இப்படி ஒன்று நம்ம ஊரிலும் வர வேண்டும் என்ற தீர்மானம் அங்கேதான் உறுதியானது.

நடுவில் வந்த பெரிய வேலைகள்

ஊர் திரும்பியதும் வேறு பொறுப்புகள் வந்து சேர்ந்தன. சென்னை சட்டமன்ற மேலவைக்கு நியமிக்கப்பட்டு, பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர் ஆனார். 1927-இல் அந்த அவையின் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். பெண்களை, அதிலும் சிறுமிகளை, கோவிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கச் சட்டம் கேட்டது அங்கேதான். தன் அம்மாவின் வாழ்க்கையை மனதில் வைத்துப் பேசியவர் அவர். பெரிய மனிதர்கள் பலரும் எதிர்த்தார்கள். 1929-இல் ஒரு சட்டத் திருத்தம், 1930-இல் ஒரு மசோதா என்று இழுத்துக்கொண்டே போய், முழுச் சட்டம் நிறைவேற 1947 ஆனது.

1930-இல் காந்தி கைதானபோது மேலவைப் பதவியை விட்டார். அதே காலத்தில், போக இடமில்லாமல் தன் வீட்டு வாசலுக்கு வந்த பெண்களைச் சேர்த்துக்கொண்டதில் தொடங்கியது அவ்வை இல்லம். இன்றைக்கும் சென்னையில் நடக்கிறது. கர்ப்பிணிகளுக்கு நம் அரசு தரும் மகப்பேறு உதவித் திட்டத்துக்கு அவர் பெயர் இருப்பது நமக்கெல்லாம் தெரியும். பரீட்சைக்கு நாம் படிக்கிற முத்துலட்சுமி ரெட்டி இவ்வளவுதான். நான் சொல்ல வந்தது இதற்குப் பிறகு நடந்தது.

எப்படியும் சாகப் போகிறவர்களுக்கு எதற்கு?

1935-இல் சென்னை மருத்துவக் கல்லூரிக்கு நூற்றாண்டு விழா. அந்தச் சந்தர்ப்பத்தில் புற்றுநோய்க்குத் தனி மருத்துவமனை வேண்டும் என்ற யோசனையை முத்துலட்சுமி முன்வைத்தார். தங்கை இறந்து 12 வருஷம் ஆகியிருந்தது. பிறகு போர் வந்தது, சுதந்திரம் வந்தது. 1949-இல் இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் புற்றுநோய் நிவாரண நிதி ஒன்றைத் தொடங்கினார். அப்போது அவருக்கு 63 வயது.

அரசிடம் உதவி கேட்டபோது வந்த பதில்தான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது. புற்றுநோய் வந்தவர்கள் எப்படியும் சாகத்தான் போகிறார்கள், அவர்களுக்கு எதற்குத் தனி ஆஸ்பத்திரி, காலரா, காசநோய் என்று பிழைக்கக்கூடியவர்களுக்குச் செலவு செய்யவே பணமில்லை என்பதுதான் அன்றைக்கு இருந்த நினைப்பு. இதைச் சொன்னவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். கணக்குப் போட்டால் அப்படித்தான் வரும். நாமும் ப்ராஜெக்ட் பட்ஜெட் போடும்போது பலன் இல்லாத இடத்தில் பணத்தைப் போட மாட்டோம் இல்லையா?

முத்துலட்சுமி அந்தக் கணக்கை ஏற்கவில்லை. குணமாகுமா ஆகாதா என்பது ஒரு கேள்வி, அவரைப் பார்த்துக்கொள்ள யாராவது இருக்கிறார்களா என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால் இரண்டாவதைக் கேட்காமலே விட்டுவிடுகிறோம். அவர் இரண்டையும் கேட்டார். மாதர் சங்கத்துப் பெண்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் சேர்த்தார்கள். 1952 அக்டோபர் 10 அன்று அடையாறில் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று மருத்துவமனை இயங்கத் தொடங்கியது.

மொத்தம் 12 படுக்கைகள். சின்னக் கட்டடம். புற்றுநோய் மருத்துவம் பயின்று வந்திருந்த அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி பொறுப்பேற்றார். 1955 ஏப்ரலில் டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தார். அரசு வேலைக்குப் போயிருக்கலாம், போகவில்லை. வளாகத்திலேயே தங்கி, 2021-இல் இறக்கும்வரை அந்த இடத்துக்காகவே வாழ்ந்தார். 1950-களின் பிற்பகுதியிலேயே கோபால்ட்-60 கதிர்வீச்சு இயந்திரம் அங்கே வந்துவிட்டது. எங்க அப்பத்தாவுக்கு வச்ச கரண்ட்டுக்கு நம்ம நாட்டில் முன்னோடி அந்த மெஷின் என்று சொல்லலாம்.

1956-இல் முத்துலட்சுமிக்குப் பத்மபூஷண் கிடைத்தது. 1968 ஜூலை 22 அன்று காலமானார். 82 வயது முடிய எட்டே நாள் பாக்கி. 12 படுக்கைகளில் தொடங்கியது அதற்குள் நாடறிந்த அடையாறு புற்றுநோய் நிலையமாகியிருந்தது.

மீதி இருந்த பாதி

எப்படியும் சாகப் போகிறார்கள் என்ற நினைப்பை முத்துலட்சுமி பாதி தோற்கடித்தார். இன்றைக்குப் பல புற்றுநோய்கள் ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் குணமாகின்றன. ஆனால் குணமாகாதவர்கள் என்று ஒரு கூட்டம் எப்போதும் இருக்கும். என் அப்பத்தா அதில் ஒருவர். அவங்களுக்கு என்ன வழி?

இந்தக் கேள்வியை அதே காலத்தில் லண்டனில் இன்னொரு பெண் கேட்டுக்கொண்டிருந்தார். பெயர் சிசிலி சாண்டர்ஸ். நர்ஸாக இருந்து, பிறகு நோயாளிகளுக்கு உதவும் சமூகப் பணியாளராகி, அதற்கும் பிறகு மருத்துவம் படித்து டாக்டரானவர். வலி வந்து துடித்த பிறகு ஊசி போடுவதை விட, வலி வருவதற்கு முன்பே நேரம் தவறாமல் மருந்து கொடுத்தால் நோயாளி நிம்மதியாக இருக்கலாம் என்று செய்து காட்டினார். உடம்பு வலியோடு மனசு, குடும்பம், பணம், பயம் எல்லாம் சேர்ந்ததுதான் சாகப் போகிறவரின் வலி என்றும் சொன்னார். 1967-இல் புனித கிறிஸ்டோபர் ஹாஸ்பைஸைத் திறந்தார். முத்துலட்சுமி இறப்பதற்கு முந்தைய வருஷம். இன்றைக்குப் பாலியேட்டிவ் கேர், நம்ம அரசுப் பலகைகளில் வலி நிவாரணம் மற்றும் ஆதரவு சிகிச்சை என்று எழுதுகிறார்களே, அது அங்கிருந்துதான் வளர்ந்தது.

இதற்கு முக்கியமான மருந்து மார்ஃபின். கசகசாச் செடியின் அபினிலிருந்து எடுப்பது. 200 வருஷத்துக்கு மேல் பழக்கத்தில் உள்ள, விலை குறைந்த மருந்து. கடுமையான புற்றுநோய் வலிக்கு இதை மாத்திரையாகவே கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 1986-இல் வழிகாட்டி வெளியிட்டது. வேடிக்கை என்னவென்றால், அதற்கு முந்தைய வருஷம்தான் நம் நாட்டில் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. கடத்தலைத் தடுக்க வந்த சட்டம், ஆஸ்பத்திரிகளையும் சேர்த்துப் பயமுறுத்தியது. ஒரு ஆஸ்பத்திரி மார்ஃபின் வாங்க நாலைந்து உரிமங்கள் எடுக்க வேண்டும், ஒன்று கைக்கு வருவதற்குள் இன்னொன்று காலாவதியாகிவிடும். பல நூறு கிலோவாக இருந்த நாட்டின் வருடாந்திர மருத்துவப் பயன்பாடு 1990-களின் பிற்பகுதியில் 20 கிலோவுக்கும் கீழே போனது. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அபினைச் சட்டப்படி பயிரிட்டு வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்துகொண்டே, உள்ளூர் நோயாளிக்கு ஒரு மாத்திரை இல்லாமல் செய்துவிட்டோம்.

2014-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஒரே அனுமதி போதும் என்று ஆனது. ஆனால் பயம் திருத்தத்தோடு போகவில்லை. உலகத்தில் இந்தச் சிகிச்சை தேவைப்படுகிறவர்களில் 14 விழுக்காட்டினருக்குத்தான் கிடைக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தியாவில் நூற்றுக்கு நாலு பேருக்கும் குறைவு என்று மதிப்பிடுகிறார்கள்.

மலைக்கு அந்தப் பக்கம்

இதில் எங்க மாவட்டத்துக்காரங்களுக்கு உறைக்க வேண்டிய ஒன்று உண்டு. கம்பத்தைத் தாண்டி மலை ஏறினால் குமுளி. போடியிலிருந்து ஏறினால் போடிமெட்டு. ரெண்டு பக்கமும் இடுக்கி மாவட்டம், கேரளம். அங்கே 1993-இல் கோழிக்கோட்டில் ஒரு சின்ன அமைப்பாகத் தொடங்கிய வலி நிவாரணப் பணி, ஊர்க்காரர்கள் கையில் பரவி, 2008-இல் அரசுக் கொள்கையாகவே ஆனது. பஞ்சாயத்துகளின் பொறுப்பில் நர்ஸ்கள் வீடு வீடாகப் போய்ப் படுத்த படுக்கையில் இருப்பவர்களைப் பார்க்கிறார்கள். நம்ம ஊரிலிருந்து ஏலக்காய் எடுக்கத் தினமும் ஜீப்பில் ஏறிப் போகிறார்களே, அந்த மலைதான். திராட்சையும் காய்கறியும் அந்தப் பக்கம் போகிறது. இந்த விஷயம் மட்டும் இந்தப் பக்கம் இறங்கி வர இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

வரவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரையோடு, வீட்டுக்கே வந்து செய்யும் ஆதரவு சிகிச்சையும் சேர்ந்திருக்கிறது. கேட்டால்தான் தெரியும். கேட்க வேண்டும் என்பதே எங்களுக்குத் தெரியாது.

அப்பத்தா

எங்க தெருவுக்குப் பிரஷர் மாத்திரை கொண்டுவரும் அக்காதான் அப்பத்தா அரற்றுவதைக் கேட்டு உள்ளே வந்தாங்க. சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, இதுக்கு வேற மாத்திரை இருக்கு, நீங்க ஏன் கேட்கலை என்று அப்பாவிடம் கேட்டாங்க. அவங்க சொன்ன அரசு மருத்துவமனைக்கு அப்பா பஸ் ஏறிப் போனார். அங்கே டாக்டர் எங்கே வலி, எப்போது கூடுகிறது, தூக்கம் உண்டா என்று ஒன்றரைப் பக்கம் எழுதினார். மார்ஃபின் மாத்திரை கொடுத்தார். நாலு மணி நேரத்துக்கு ஒன்று, வலி இல்லை என்றாலும் நேரம் தவறக் கூடாது. மலச்சிக்கல் வரும் என்று அதற்கும் ஒரு மருந்து. தானாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது, வந்து கேட்க வேண்டும்.

மார்ஃபின் என்றதும் அப்பாவுக்குக் கை நடுங்கியதாம். எங்க பக்கம் பேப்பரைத் திறந்தால் கஞ்சா கேஸ். போதை மருந்தைப் பையில் வைத்துக்கொண்டு போலீஸ் பார்த்தால் என்ன செய்வது, அம்மா இதுக்கு அடிமையாகிட்டா என்ன செய்வது என்று ரெண்டு பயம். டாக்டர் பொறுமையாகச் சொல்லியிருக்கிறார். வலிக்காக, டாக்டர் சொன்ன அளவில், சாப்பிடுகிறவர்கள் அப்படி ஆவது அபூர்வம் என்று. சீட்டையும் மாத்திரையையும் சேர்த்தே வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்.

மூன்றாம் நாள் ராத்திரி எங்க வீடு அமைதியாக இருந்தது. அப்பத்தா தூங்கிட்டாங்க. காலையில் எழுந்து காப்பி கேட்டாங்க. நான் போனில் பேசியபோது, பூண்டு என்ன விலை போகுதுன்னு உங்கப்பன்கிட்ட கேட்டுச் சொல்லு என்றாங்க. நோய் குறையவில்லை. 19 நாள் கழித்து இறந்துபோனாங்க. அந்த 19 நாளில் வந்தவங்க எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க. அத்தைக்கும் அப்பாவுக்கும் பத்து வருஷமாக இருந்த ஒரு சண்டையைத் தீர்த்து வச்சாங்க. முன்னாடி டிஸ்சார்ஜ் ஆகி வந்து, இந்த மாத்திரை கிடைக்கும்வரை போனது 41 நாள். கணக்குப் பார்த்தால் அதுதான் மனசுக்கு வலிக்கிறது. மருந்து இருந்தது. சட்டம் இருந்தது. கொடுக்கிற டாக்டரும் பஸ் போகிற தூரத்தில் இருந்தார். சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான்.

முத்துலட்சுமி ரெட்டிக்குத் தங்கை இறந்த பிறகு முதல் படுக்கையைப் போட 31 வருஷம் ஆனது. நாம் அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ யாருக்காவது, இனிமேல் ஒன்றுமில்லை என்று சீட்டு எழுதிக் கொடுத்தால், அங்கேயே நின்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். நோய் தீராது, சரி, வலிக்கு எங்கே போகணும்? எங்க காலேஜ் என்எஸ்எஸ் பசங்க கண் தானத்துக்கும் ரத்த தானத்துக்கும் ஊர் ஊராகப் போகிறோம். அடுத்த முறை போகும்போது இதையும் சேர்த்துச் சொல்லலாம் என்று கேட்டிருக்கிறேன். சார் சரி என்றிருக்கிறார்.

காரியம் முடிந்த மறுநாள் அப்பா அலமாரியைத் திறந்து மீதி மாத்திரைகளை எண்ணினார். 14 இருந்தது. சீட்டோடு சேர்த்து ஒரு கவரில் போட்டு, பெரியகுளம் போய் பஸ் மாறி, வாங்கின இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். வேற யாருக்காவது ஆகும்ல என்றார்.